ஆல்ட்டோ வரிசை எழுந்து நின்றது

அன்புத் தங்கை ப்ரோனாவுக்கு,

கால்வேயில் மழை விட்டதா? உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

காது மந்தமாகிவிட்டதால், கைப்பேசியோடு இணையும் காதுக் கருவி வாங்கினேன். தெரிந்தால் பாடகர் குழுவின் முன்வரிசையிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று பயந்து, அதைக் கூந்தலுக்குள் மறைத்துவைத்தேன். நேற்று ஒத்திகையில், எல்லாரும் அமைதியாக அமர்ந்திருந்தபோது, கைப்பேசி என் காதுக்குள், "டிராம் வருகிறது, கிளம்புங்கள்" என்றது. சட்டென எழுந்துவிட்டேன். என்னை நம்பி, என்னோடு தாழ்குரலில் பாடும் ஆல்ட்டோ வரிசை முழுவதும் எழுந்து நின்றது! உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

குழுவை நடத்தும் இங்கெலா சிரித்தாள். "ஐலீன், உங்களைப் பின்னால உக்கார வச்சா இவங்க யாரைப் பாத்து எழுந்திருப்பாங்க? அந்த டிராம் வாயை மட்டும் மூடி வைங்க!"

அற்புதமான கருவி, ப்ரோனா. எங்கள் பாட்டுக்குத் துணையாக வாசிக்கும் வயோலாவில் வில் உரசுவதுகூடக் கேட்கிறது. ஞாயிறு மாலை போன் செய். உன் குரல் நேராக என் காதுக்குள்ளேயே வரும். வீட்டில் வேறு குரலில்லை.

இப்போது நிஜமாகவே டிராம் வருகிறது.

உன் அக்கா,
ஐலீன்
கோதன்பர்க்