நூற்று நான்கு நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

சமையலறை விளக்கு இன்று காலை போயிற்று. நானூற்றுப் பதினோரு நாள் எரிந்திருக்கிறது. இதற்கு முன்னால் வாங்கியது இருநூறைக்கூடத் தாண்டவில்லை. எழுதி வைப்பதால்தான் தெரிகிறது. இவர் சிரிக்கட்டும்.

நாத்தனாரின் கணினி இன்றும் கறுத்துவிட்டது. நேற்றும் இதே நேரம்தான். பகல் இடைவேளையில் அது தானாகத் தூங்கிப்போகும். ஒரு மணி வகுப்புக்கு அவள் வந்து ஒரு விசையைத் தொட்டால் உள்ளே விசிறி சுற்றுகிறது, விசைகளுக்கு அடியில் விளக்கு எரிகிறது. திரை மட்டும் வரவில்லை. மூச்சு இருக்கிறது, முகம் இல்லை. அணைத்து மறுபடி தொடங்கினால் வந்துவிடும். ஆனால் கம்பெனிக் கணினி. சோதனை, கடவுச்சொல், அனுமதி எண் என்று இருபது நிமிடம் ஓடிவிடும். அதற்குள் அங்கே வகுப்பு தொடங்கிவிடும்.

அவள் வேலை எனக்கு இன்னும் அதிசயம்தான். எங்கோ ஒரு கல்லூரியில், மருத்துவ ஆய்வகப் படிப்பில், காது கேளாத ஒரு பெண் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஆசிரியர் பேசுவது எங்கள் முன்னறைக்கு வருகிறது. நாத்தனார் கேட்டுக்கொண்டே அடிக்க அடிக்க, எழுத்தாக அந்தப் பெண்ணின் கைப்பேசியில் ஓடுகிறது. இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லை. நாங்கள் அந்தப் பெண்ணுக்கு வைத்திருக்கும் பெயர் ‘முதல் பெஞ்சு’. பாடம் மட்டுமா? ‘வெளியே மழை’, ‘பின்னால் யாரோ தும்முகிறார்’ என்றுகூட அடிக்கிறாள். இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன்.

“மத்தவங்களுக்குக் கேக்குதில்ல அண்ணி. அவளுக்கும் தெரியட்டுமே.”

பதினெட்டாம் தேதி முதல் பெஞ்சுக்கு வாய்மொழித் தேர்வு. போன வருடம் வேறு யாரோ அடித்தபோது நடுவில் தொடர்பு அறுந்து, கேள்வி புரியாமலே தோற்றுப்போனாளாம். இந்த முறையும் போனால் படிப்பை விட்டுவிட வேண்டியதுதான். தேதி தெரிந்த நாளிலிருந்து, அதாவது நேற்றிலிருந்து, நானும் என் பங்கைச் செய்கிறேன். இடைவேளையில் நாத்தனார் சமையலறையில் மணிக்கட்டை வெந்நீரில் வைத்திருக்கும்போது, அவள் நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து வேண்டிக்கொள்கிறேன். பிறகு என் வேண்டுதல் புத்தகத்தைக் கணினியின் இடது மூலைக்கு அடியில் செருகிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் எழுந்து வருகிறேன். பதினொரு வருடமாக என் கையால் எழுதிய புத்தகம். அதற்கு இவர் வாங்கித் தந்த புது உறை போட்டிருக்கிறேன்.

நாத்தனாருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கணினியைச் சரி செய்வதற்கு முன் அந்தப் புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் தொடுகிறாள். இது போதும் எனக்கு.

மார்ச் 5, புதன்

மறுபடியும். பதினேழு நிமிடம் போயிற்று. என்னிடம் ஒரு வேலை ஒப்படைத்திருக்கிறாள். “பல்புக்கே கணக்கு எழுதுறவங்க நீங்க. இதையும் எழுதுங்க அண்ணி. எப்பக் கறுத்துச்சு, எப்ப வந்துச்சு, அன்னிக்கு நான் என்ன மாத்தினேன்.”

கோடு போட்டுக் கட்டம் கட்டினேன். திங்கள் 14 நிமிடம். செவ்வாய் 12. இன்று 17.

மார்ச் 6, வியாழன்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. பகல் முழுக்கப் பல் மருத்துவரிடம். வாய் இன்னும் என்னுடையதாக இல்லை. கணினி இன்று ஒழுங்காக விழித்ததாம்.

மார்ச் 8, சனி

நேற்று 15 நிமிடம். இன்று சீக்கிரமே போய் உட்கார்ந்தாள், அப்படியும் 11.

அவள் தேடுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நானாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கி மாட்டியிருப்பேன். அவள் ஒரு நாளைக்கு ஒன்றுதான் மாற்றுகிறாள். புதன் மின்கம்பி. வியாழன் சுட்டியைக் கழற்றி வைத்தாள். அன்று கறுக்காததால் வெள்ளியும் கழற்றியே வைத்தாள், கறுத்தது. இன்று, கணினி தூங்கவே கூடாது என்று உள்ளே மாற்றி வைத்தாள். தூங்காதே என்று சொல்லியும் தூங்கி, கறுத்து நின்றது. ‘சொன்ன பேச்சுக் கேட்காத கழுதை’ என்று நான்தான் திட்டினேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தாள். “தூங்காதேன்னு சொன்ன பிறகும் வேற யாரோ அதைத் தூங்கச் சொல்றாங்க அண்ணி” என்றாள்.

சாயங்காலம் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மார்ச் 10, திங்கள்

பழுது பார்ப்பவர் நேற்று இருபது தடவை தூங்கவைத்து இருபது தடவை எழுப்பிப் பார்த்தாராம். ஒன்றுமில்லை. “என் கடையில சமத்தா இருக்கு. உங்க வீட்டுலதான் எதைப் பாத்தோ பயப்படுது” என்று சொல்லி, காசு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்று 16 நிமிடம்.

கம்பெனியில் வேறு கணினி கேட்டால் இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். தேர்வுக்கு எட்டு நாள்தான் இருக்கிறது. தேர்விலும் நடுவே அரை மணி இடைவேளை உண்டு. அந்த அரை மணியை நினைத்து நான்தான் புலம்புகிறேன். அவளோ ஒரு சொல் அலுத்துக்கொள்ளவில்லை. விட்டுப்போன வரிகளுக்காக முதல் பெஞ்சிடம் ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறாள். தன் குற்றமே இல்லாத ஒன்றுக்கு இத்தனை அமைதியாக யாராவது மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மார்ச் 11, செவ்வாய்

காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. கறுக்கவில்லையாம், நல்லதாயிற்று.

மார்ச் 12, புதன்

இன்று 19. இதுதான் எல்லாவற்றிலும் அதிகம்.

கட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு மேலும் கீழுமாகப் பார்த்தேன். கறுத்தது ஏழு நாள். கறுக்காதது இரண்டே நாள்: போன வியாழன், நேற்றுச் செவ்வாய். அந்த இரண்டு நாளும் என்ன விசேஷம்? அவள் பக்கத்தில் ஒன்றும் இல்லை. வியாழன் நான் பல் மருத்துவரிடம். செவ்வாய் நான் படுக்கையில்.

நான்.

நான் வேண்டிக்கொள்ளாத நாளில் நன்றாக இருக்கிறது. வேண்டிக்கொண்ட நாளில் கறுக்கிறது. ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

ஏன் சாமி? நான் என்ன தப்பா கேட்டேன்? எனக்காகவா கேட்டேன்? ஒரு பொண்ணு பாஸ் பண்ணணும்னு கேட்டது ஒரு குத்தமா? பதினொரு வருஷமா தினம் உன்கிட்டதானே பேசிட்டிருக்கேன்—

இவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடிக்காமலே, “ஒரு நாள் லீவு விட்டுப் பாரேன், சாமிக்கும் ஓய்வு வேணுமில்ல” என்றார். கோபம் வந்தது. ஆனால் அது சரியான யோசனை என்பதும் தெரிந்தது. நாத்தனாரும் அப்படித்தான் செய்வாள். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பாள்.

மார்ச் 13, வியாழன்

இடைவேளையில் முன்னறைப் பக்கமே போகவில்லை. கொல்லைக் கொடியில் காய்ந்த துணியையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணிக்கு விசைகளின் சத்தம் கேட்டது. உடனே. தடையே இல்லாமல்.

கறுக்கவில்லை.

இதை அவளிடம் சொல்ல வேண்டுமா? இனிமேல் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிட்டால் போதும். தேர்வு நல்லபடியாக முடியும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. இதைத்தான் இரண்டு மணி நேரம் யோசித்தேன், மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் காரணம் தெரியாமல் நின்றுபோனது மறுபடி வராது என்று யார் சொல்வது? பதினெட்டாம் தேதி வேறு எதனாலாவது வந்தால்? அவள் தேடுவதற்காகத்தானே என்னை எழுதச் சொன்னாள். அதில் ஒரு கட்டத்தை மட்டும் மறைத்தால் அது கணக்கா?

நாலு மணிக்கு அவள் எழுந்ததும் தாளை நீட்டினேன். புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தேன். தலைப்பு: ‘நான்’.

“நான் வேண்டிக்கிட்ட நாள்ல மட்டும்தான் கறுக்குதும்மா.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். தாளை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தாள். திரும்பவும் படித்தாள். பிறகு நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க அண்ணி. தினம் என்ன செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. ஒண்ணையும் விட்டுடாதீங்க.”

அவள் பார்க்க வேண்டிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. கண்ணை மூடினேன், வேண்டினேன், திறந்தேன். கணினி வெளிச்சமாக அப்படியே இருந்தது. புத்தகத்தை எடுத்து இடது மூலைக்கு அடியில் செருகினேன்.

திரை கறுத்தது. எங்கள் இருவர் கண்ணெதிரே.

“எடுங்க.” எடுத்தேன். ஒரு விசையைத் தொட்டாள், வந்தது. “வைங்க.” கறுத்தது. நான்கு தடவை. ஐந்தாம் தடவை புத்தகத்தை அவளே வாங்கி, புரட்டி, உறையின் மடிப்பைத் திறந்து மூடினாள். டப்பென்று ஒட்டிக்கொண்டது. என் தையல் பெட்டியிலிருந்து ஒரு குண்டூசியைக் கொண்டுவந்து கிட்டே காட்டினாள். ஊசி தாவிப் போய் அந்த மடிப்பில் ஒட்டியது.

காந்தம்.

கணினியின் மூடிக்குள்ளும் ஒரு சின்னக் காந்தம் இருக்குமாம். அது கீழே வந்து சேர்ந்ததும், மூடிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு திரையை அணைத்துவிடுமாம். அதை உணரும் பாகம் இருக்கும் இடம் இடது மூலை. என் புத்தகம் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, ‘மூடியாயிற்று, மூடியாயிற்று’ என்று அதனிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் பழுது பார்க்கும்போது மரியாதையாக எடுத்து அலமாரியில் வைத்துவிடுவாள், கணினி சரியாகிவிடும்; அணைத்துத் தொடங்கியதால்தான் சரியானது என்று நினைத்துக்கொள்வாள். மறுநாள் நான் மறுபடி செருகுவேன்.

“உங்க வேண்டுதல் இல்ல அண்ணி, உறைதான்” என்றாள். “இதை நீங்க எழுதலேன்னா நான் ஆயுசுக்கும் தேடிட்டிருந்திருப்பேன்.”

அப்போதுதான் அழுகை வந்தது. வெட்கத்தில் பாதி, சாமி என்மேல் கோபமாக இல்லை என்ற நிம்மதியில் பாதி. அது அடங்கியதும் தாளைப் பார்த்துக் கூட்டினேன். ஏழு நாள், நூற்று நான்கு நிமிடம். அத்தனை நேரம் அந்தப் பெண் வாயசைவதை மட்டும் பார்த்துக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். என்னால்.

அதையும் சொன்னேன். நாத்தனார் ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை.

“ஒலிப்பதிவு எல்லாம் கல்லூரியில இருக்கு. கேட்டு எழுத எனக்குத்தான் கை ஒழியல. நீங்க எழுதுறீங்களா?”

மார்ச் 14, வெள்ளி

ஒரு நிமிடப் பேச்சை எழுதப் பத்து நிமிடம் ஆகிறது எனக்கு. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நிறுத்தி, பின்னால் போய், எழுதி. ரத்தத்தைப் பற்றி இத்தனை பேச இருக்கிறதா? எனக்குத் தெரிந்ததெல்லாம் கை அறுபட்டால் வரும் என்பதுதான். பதினான்கு நிமிடம் முடிந்தது. இவர் சமைத்தார். உப்பைப் பற்றி எழுத மாட்டேன்.

இரண்டரை மணி நேரம் நிறுத்தி நிறுத்தி எழுதியே என் கழுத்து பிடித்துக்கொண்டது. அவள் இதை நிறுத்தாமல், பேசுகிறவர் வேகத்திலேயே செய்கிறாள். தும்மலையும் விடுவதில்லை. இதுவரை அவளைப் பாராட்டியதெல்லாம் வேடிக்கை பார்த்தவளின் பாராட்டு.

மார்ச் 15, சனி

நடந்ததை அப்படியே முதல் பெஞ்சுக்கு எழுதட்டுமா என்று கேட்டாள். தயங்கினேன், ஆனாலும் சரி என்றேன். பதில் வந்தது. திரையைத் திருப்பிக் காட்டினாள்:

‘என்னைத் திட்டியவர்களால் பாடம் போனதுண்டு. வேண்டிக்கொண்டவரால் போனது இதுதான் முதல் தடவை. அண்ணியை மெதுவாக எழுதச் சொல்லுங்கள்.’

யாருடைய அண்ணி? எழுதிய பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினோம்.

மார்ச் 17, திங்கள்

நூற்று நான்கும் முடிந்தது. முப்பத்தொன்பது பக்கம், மிச்சத்தையும் அனுப்பியாயிற்று. கடைசி நான்கு பக்கத்தில் கையெழுத்து பரிதாபம்.

மார்ச் 18, செவ்வாய்

தேர்வு பத்து மணிக்குத் தொடங்கியது. கேள்வி கேட்டவர் வாய்க்குள்ளேயே பேசினார். நாத்தனார் ஊகித்து அடிக்கவில்லை. ‘சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்லச் சொல்’ என்று அடித்தாள். அந்தப் பெண் கேட்டிருக்க வேண்டும். அடுத்த முறை அவர் குரல் உயர்ந்தது. போன வருடம் இதைச் சொல்ல ஆள் இல்லை.

பன்னிரண்டுக்கு இடைவேளை. நாத்தனார் எழுந்து போய் மணிக்கட்டை வெந்நீரில் வைத்துக்கொண்டாள், வழக்கம்போல. விழித்தே இருக்கட்டும் என்று நானாக இருந்தால் கணினி முன்னாலேயே காவல் கிடந்திருப்பேன். அவளுக்குத் தான் கண்டுபிடித்ததன் மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். கையில் ஒன்றும் இல்லை. பாதி வேண்டுதல் மறந்தும் போயிற்று.

அவள் வந்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு விசை. திரை வந்தது.

நான் உள்ளே போகவில்லை. விசைச் சத்தம் மட்டும் மூன்று மணி வரை கேட்டுக்கொண்டிருந்தது.

மார்ச் 20, வியாழன்

துணி துவைத்தேன். முடிவு இன்னும் வரவில்லை. இவர்கூட இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

மார்ச் 22, சனி

காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். நாத்தனார் சமையலறை வாசலில் வந்து நின்று கைப்பேசியை நீட்டினாள். இரண்டு செய்திகள். ஒன்று அவளுக்கு: ‘தேறிவிட்டேன். அடுத்த பருவத்துக்கும் நீங்கள்தான் வேண்டும் என்று கல்லூரியில் எழுதிக் கேட்டிருக்கிறேன்.’ அதை மூன்று முறை படித்துவிட்டேன். அவள் முகத்தைத்தான் பார்க்க வேண்டும், அடுப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது எனக்கு:

‘அண்ணிக்கு. இருபத்திரண்டாம் பக்கத்தில் இதயத்துக்கு ஐந்து அறை என்று எண் போட்டு எழுதியிருக்கிறீர்கள். நான்குதான். ஐந்தாவதாக எழுதியது ரத்தக்குழாய். பயப்படாதீர்கள், தேர்வில் அவர் கேட்டபோது நான் நான்கு என்றே சொன்னேன்.’

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.