பொங்கல் அடுப்பின் மூன்றாவது கல்

ஜனவரி 13, செவ்வாய்

தூறல். கிங்ஸ்பரியில் செத்துப்போன வெள்ளைக்காரக் கிழவரின் வீட்டை ஒழித்துக் கொடுக்கும் வேலை. வான் வண்டியில் மூன்று லோட். இடுப்பு நாரி விட்டுப்போயிற்று. கிழவரின் தாத்தா அசாமில் தேயிலைத் தோட்டத் துரையாம். மான்கொம்பு, பூஞ்சணம் பிடித்த புத்தகங்கள். எல்லாவற்றையும் எறியச் சொன்னாள் கிழவரின் மகள். பழைய செங்கல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். பொங்கல் அடுப்புக்கு வீட்டில் இரண்டு கல்தான்.

வாங்க: பச்சையரிசி, பயறு, சர்க்கரை, கரும்பு, முழங்கால் தைலம்.

14, புதன்

செங்கல்லில் ஒட்டிய ஒரு கடதாசித் துண்டு. பழைய கையெழுத்து, மை மங்கல். கண்ணாடி போட்டு வாசிக்கப் பஞ்சி, அலுப்பு.

மனைவி ரஞ்சி: "செத்தவீட்டுக் கல்லப்பா, துடக்கு, தீட்டு. நல்லாச் சுரண்டிக் கழுவினாத்தான் பானை ஏத்துவன்."

சுரண்டினேன். கழுவி மஞ்சள் தண்ணீர். கடதாசி குப்பைக்கு.

15, வியாழன்

நல்ல குளிர். பின்வளவில் பொங்கல். கிழக்கே பொங்கியதாம், மனைவிக்குத் திருப்தி. பக்கத்து வீட்டுக்காரன் புகைக்கு ஜன்னலை அடித்துச் சாத்தினான். மத்தியானம் திரும்ப வேலை.

18, ஞாயிறு

கிழவரின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்த அசாம் பிள்ளை வந்தாள். ரீமா. தாதி. மகளிடம் என் விலாசம் வாங்கியிருக்கிறாள். கேட்டது செங்கல்லை.

அவர்களுடைய பழைய அரசர்களின் சடலத்தைச் செங்கல் அறையில் வைத்து, மேலே மண்ணைக் குன்றாகக் குவிப்பார்களாம். மொய்தாம் என்று பெயர். இப்போது உலகப் பாரம்பரியச் சின்னம், ஒரு பிடி மண் அள்ளவும் விடமாட்டார்கள். அதில் ஒன்றிலிருந்து துரை பிடுங்கி வந்த கல். ஊருக்குக் கொண்டுபோகக் கிழவர் அவளிடம் தருவதாக இருந்தாராம். வருகிற சனி பயணம். எந்த அரசனின் குன்று என்பது கடதாசியில் மட்டும்.

படம் எடுக்கவில்லையா என்றேன். கிழவர் இவ்வளவு கெதியில் சாவார் என்று நினைக்கவில்லையாம்.

பின்வளவுக்குக் கூட்டிப்போனேன். மூன்றில் எது என்று அவளுக்கே தெரியவில்லை, எல்லாம் கரி. நான்தான் காட்டினேன். ஈரப்படியில் அப்படியே இருந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருக்கலாம்.

19, திங்கள்

குப்பை வெள்ளியே போய்விட்டது. கவுன்சிலுக்குப் போன் அடித்துப் பார்த்தேன், வீண்.

"நான்தானே சுரண்டச் சொன்னனான். என்னிலை போடுங்கோ பழியை."

"சுரண்டினது என்ரை கையப்பா."

நித்திரை இல்லை. வெட்கமாக இருக்கிறது.

22, வியாழன்

மழை. கல்லை எடுக்க வந்த ரீமாவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்: எந்த வீட்டில் எடுத்தது, என்ன செய்தேன், கையெழுத்து. நாலு தாள் கிழித்தேன். ஏன் சுரண்டினேன் என்ற இடத்தில் துடக்குக்கு இங்கிலிஷ் வரவில்லை. சுத்தம் செய்ய என்று போட்டேன். அரசனின் சவக்குழிக் கல், துடக்கென்று கழுவியிருக்கிறேன்.

ரஞ்சி கரியைத் துடைக்கப் போனாள். வேண்டாம், இனி ஒன்றும் செய்யவேண்டாம் என்றாள் ரீமா. கம்பளிச் சால்வையில் சுற்றினாள். கடிதத்தை நம்பி அங்கே வாங்குவார்களோ தெரியாதாம்.

வாசலில் கேட்டாள், உங்கள் ஊரிலும் கல்லறைகளை இப்படிக் காப்பாற்றுவார்களா என்று. சண்டையில் செத்த அண்ணையை வன்னியில் புதைத்ததைச் சொன்னேன். பெயர் வெட்டிய கல்லறை. சண்டை முடிய ஆமி எல்லாவற்றையும் இடித்து மட்டமாக்கிவிட்டது. போய்ப் பார்த்தபோது வெறும் தரை, எந்த இடம் என்றே தெரியவில்லை.

அவள் பஸ்ஸுக்குப் போனாள்.

அண்ணையின் கல்லறையிலிருந்து எவனாவது ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். பெயரைச் சுரண்டிவிட்டு அடுப்புக்கு வைத்திருந்தாலும் பரவாயில்லை.