பத்தொன்பதாவது கட்டம்

புதுச்சேரி
8.7.2024

அன்புள்ள ரஞ்சிதம் அக்காவுக்கு,

காரைக்கால் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? போன் செய்தால் எடுப்பதில்லை என்று விரதமா? சரி, எழுதியாவது தொல்லை கொடுப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன். நாம் இரண்டு டீச்சர்களும் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் மாற்றல் வாங்கிக்கொண்டதில் எனக்குத்தான் கொள்ளை சந்தோஷம். மூன்று வருடம் கழித்து வீட்டுச் சோறு சாப்பிடுகிறேன். என் வீட்டுக்காரர் நாகராஜ் கூட உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

ஒரு சந்தேகம். ஒன்றாம் வகுப்புச் சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை அடித்து, ஆளுக்கொரு கட்டம் போட்டிருக்கிறதல்லவா? பிள்ளைகள் பதினெட்டு, கட்டம் பத்தொன்பது. ஜன்னலோரக் கட்டம் யாருக்கும் இல்லை. ஆனால் தினமும் காலையில் நான் பூட்டைத் திறக்கும்போது அதில் ஒரு ‘ட’ இருக்கிறது. கோணல்மாணலாக, அழித்து அழித்து எழுதியது. துடைக்கப் போனேன். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் சின்னப்பொண்ணுவின் மகள் துர்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அழிக்காதீங்க டீச்சர், அழுவும்.”

யார் அழும் என்று கேட்டால் பதினெட்டு பேரும் அந்தக் கட்டத்தைக் காட்டுகிறார்கள். இது உங்கள் காலத்து விளையாட்டா?

உங்கள் தங்கை,
ஹேமலதா


காரைக்கால்
15.7.2024

அன்புள்ள ஹேமா,

கோபித்துக்கொள்ளாதே. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, அதுதான் போனை எடுக்கவில்லை.

அந்தக் கட்டம் என் மகள் கவிநிலாவுடையது. என் வகுப்பில்தான் படித்தாள். மற்றப் பிள்ளைகள் வாக்கியம் வாசித்தார்கள், டீச்சர் பெண்ணால் ‘ட’வைத் தாண்ட முடியவில்லை. என் மானம் போகிறதே என்று எல்லார் முன்னாலும் அவளை முட்டி போட வைத்து, அந்தக் கட்டத்தில் எழுத வைத்தேன். ஒரு நாள் இல்லை, தினமும். போன டிசம்பரில் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாள்.

இப்போது உன்னிடம் படிக்கும் பிள்ளைகள் அவளைப் பார்த்ததே இல்லை. சுவரை நானே கழுவிவிட்டுத்தான் வந்தேன்.

அதை அழிக்காதே, ஹேமா. அடுத்த எழுத்து வந்தால் எனக்கு எழுது.

ரஞ்சிதம்


புதுச்சேரி
5.8.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் விடுப்பு போட்டேன். வேறு வகுப்பு கேள் என்றார் நாகராஜ். பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் எழுதத் தெரியாமல் தவிக்கிற பிள்ளையை எப்படி விடுவது? தரையில் உட்கார்ந்து, அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் மெதுவாகச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் ‘ப’. அடுத்த வாரம் ‘ம’. போன வியாழக்கிழமை ‘படம்’ என்று முழுசாக இருந்தது. நான் கை தட்டிவிட்டேன்.

இப்போது எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது ஒரு குரல் மட்டும் கொஞ்சம் பின்தங்கி வருகிறது. நான் பக்கத்தைத் திருப்பப் போனால் துர்கா, “இருங்க டீச்சர், அது இன்னும் முடிக்கல” என்கிறாள். காத்திருக்கிறோம்.

ஹேமா


காரைக்கால்
12.8.2024

ஹேமா,

28ஆம் தேதி புதன்கிழமை பத்து மணிக்கு வகுப்பில் இருப்பேன். அவள் வாசிப்பதை ஒரே ஒரு தடவை காதால் கேட்க வேண்டும். அது போதாது, அங்கேயே இருக்க வேண்டும். நம் இடங்களைத் திரும்ப மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பமும் எழுதிவிட்டேன். நீ மாட்டேன் என்று சொல்லக்கூடாது, காலில் விழுகிறேன்.

அம்மா வருகிறேன் என்று அவளிடம் சொல்.

ரஞ்சிதம்


புதுச்சேரி
20.8.2024

அக்கா,

வராதீர்கள். என் இடம் போய்விடும் என்று சொல்லவில்லை, சத்தியமாக.

நேற்று வகுப்பில், “கவிநிலா அம்மா வரப்போறாங்க” என்று சொன்னேன். இன்று காலை கட்டம் ஈரமாக இருந்தது, ஒரு எழுத்துகூட இல்லை. வாசிக்கும்போது பதினெட்டு குரல்தான். பிள்ளைகள் எல்லாரும் என் மேசைக்கு அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துர்காவைக் கேட்டேன்.

“ஒளிஞ்சிக்கினு இருக்கு டீச்சர். முட்டி வலிக்குதாம்.”

நீங்கள் முட்டி போட வைத்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட. குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மன்னித்துவிடுங்கள்.

ஹேமா


காரைக்கால்
26.8.2024

அன்புள்ள ஹேமா,

வரவில்லை. விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அந்த வகுப்பு உன்னுடையது. அவளும் உன்னுடைய பிள்ளை. அம்மா இனி ஒருநாளும் வரமாட்டாள் என்று அவளிடம் சொல். மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காதில் விழும்படி சொல்.

அவள் மறுபடி வாசித்தால் எனக்கு ஒரு வரி எழுது. நான் கேட்டதாக மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே.

ரஞ்சிதம்