திருடி என்று எழுதச் சொல்கிறார் வக்கீல்

அன்பு மகளுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் உடம்பளவில் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கோபம்தான் குறையவில்லை. உன் அத்தை புருஷன் நேற்று வந்திருந்தார். அரசு மருத்துவமனைக் கிடங்கிலிருந்து மருந்தைப் பெட்டி பெட்டியாகக் கடத்தி விற்றுவிட்டு ஆறே மாதத்தில் வெளியே வந்த மனுஷன், என் வீட்டு நாற்காலியிலேயே கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "நான் எடுத்தது வெறும் மருந்து மச்சான், உங்க பொண்ணு எடுத்தது அரசாங்கத்தோட மானம், லேசுல விடுவாங்களா?" என்று சிரிக்கிறார். எழுந்து போ என்று சொல்ல எனக்குத் துப்பில்லை. அதே கிடங்கு மருந்து குழந்தைகளுக்கு ஆகாது என்ற சோதனை அறிக்கையை ரகசிய முத்திரை குத்தி மூடிவைத்தார்கள். நீ அதைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டுக் கண்காணாத தேசத்தில் கிடக்கிறாய். விற்றவனுக்கு ஆறு மாதம், சொன்னவளுக்குப் பத்து வருடமாம். அச்சிட்ட ஆசிரியரோ மேடை மேடையாகக் கைதட்டு வாங்குகிறார், உன்னை ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்குத் தெரியட்டும் என்று கொடுத்ததாகச் சொன்னால் ரகசியச் சட்டம் பாயும், காசுக்காகக் காகிதத்தைத் திருடி விற்றதாக வாக்குமூலம் கொடுத்தால் சாதாரணத் திருட்டு, ஒரு வருடத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்கிறார் வக்கீல். "திருடங்களை அரசாங்கத்துக்குப் பழக்கம் சார், உங்க பொண்ணு மாதிரி ஆளுங்களைக் கண்டாத்தான் பயம்" என்றார். நியாயம் பேசியே ஊரைப் பகைத்துக்கொண்ட நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அம்மாவிடம் சொன்னதும், "எம் பொண்ணைத் திருடின்னு எழுதச் சொல்ல உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு? பத்து வருஷம்னா பத்து வருஷம், நான் காத்திருக்கேன்" என்று சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆனாலும் சொல்கிறேன், எழுதிக் கொடுத்துவிடு. உன்னைப் பத்து வருடம் கம்பிக்குப் பின்னால் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அதைத் தவிர வேறு நியாயம் என்னிடம் இல்லை. முடியாது என்று நீ பதில் போட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். தலை நிமிர்ந்து நடப்பேன் என்றுகூடத் தோன்றுகிறது.

வேளைக்குச் சாப்பிடு. யாரிடமும் வழக்கைப் பற்றிப் பேசாதே. எதுவானாலும் மாதக் கடைசிக்குள் வக்கீலுக்குத் தெரிய வேண்டும், மறந்துவிடாதே. எங்கிருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

கீழே 'உன் அப்பா' என்று எழுதப் பேனாவைக் காகிதத்தில் வைத்தேன். பெற்ற மகளைத் திருடி என்று சொல்லச் சொன்ன பிறகு அதை எழுதக் கை வரவில்லை. கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.