படகுக்கு ஓர் ஊர்க்காரர்

பழவேற்காடு
16.9.2018

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஹேமா எழுதுகிறேன். உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இரண்டு வருஷமாக நாம் போனில் பேசினால் நாலாவது வார்த்தையில் நீ கத்துகிறாய், ஐந்தாவது வார்த்தையில் நான் வைத்துவிடுகிறேன். அதனால்தான் பேப்பரில் எழுதி, போட்டோ பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். பேப்பரோடு உன்னால் சண்டை போட முடியாது.

எல்லாரும் சௌக்கியம். லோகநாயகி அண்ணி மாடிக்குத் தளம் போட்டுவிட்டார். உன் மகள் திவ்யா பொன்னேரி காலேஜுக்கு பஸ்ஸில் போய் வருகிறாள். ஜன்னல் சீட் கிடைக்காத நாளில் வீட்டில் யாரோடும் பேசமாட்டாள், உன் பெண்தானே.

விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளி கழிந்ததும் ஊரில் பாடு பிரிக்கிறார்கள். ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று சீட்டு எடுக்கப்போகிறார்கள். என் வீட்டுக்காரர், உன் மச்சான், இந்த முறையும் கேட்பார். போன முறை ஊர்ச் சபையில் அவர் கேட்டபோது லீவில் வந்திருந்த நீதான் முதலில் எழுந்தாய். "வூட்டோட மாப்ளைக்கு பாடு கெடையாது. வெளியூர்க்காரன் வெளியூர்க்காரன்தான்" என்றாய். ஊரே தலையாட்டியது. அவருடைய வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகுதானே அண்ணா அவர் இங்கே வந்தார்? பதினோரு வருஷமாக அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார்.

இந்த முறையும் இல்லையென்றால் கும்மிடிப்பூண்டிக்குக் குடிபோகிறோம். ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை பேசி வைத்திருக்கிறார். எனக்குப் போக மனசே இல்லை. ஊர்ப் பெரியவர் தருமலிங்கம் பெரியப்பாவுக்கு நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உன் தங்கை,
ஹேமாவதி

*

கத்தீஃப், சவூதி
4.10.2018

அன்புத் தங்கச்சி ஹேமாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் கோபம் வந்தது, அப்புறம் திவ்யா ஜன்னல் சீட் விஷயத்தில் சிரிப்பும் வந்தது. உன் அண்ணி தளம் போட்டதே எனக்கு நீ சொல்லித்தான் தெரியும்.

ராஜவேலு மச்சான் நல்ல மனுஷன். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இருக்கிற இடம் இவ்வளவுதான். இன்று மச்சானுக்குக் கொடுத்தால் நாளைக்கு நாலு மாப்பிள்ளை வந்து நிற்பான். ஏரி ஊர்க்காரனுக்கு. அதை நான் மாற்றிச் சொல்ல முடியாது.

இங்கே என் கஷ்டத்தைக் கேள். எட்டு வருஷமாக நாங்கள்தான் இந்தக் கடலில் இறால் பிடிக்கிறோம். இப்போது கவர்மெண்ட் புதுச் சட்டம் போட்டிருக்கிறது. ஒவ்வொரு மீன்பிடி லாஞ்சிலும் சவூதிக்காரர் ஒருவர் இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் கோஸ்ட் கார்டு வெளியே விடமாட்டான். ஆள் கிடைக்காமல் எல்லா லாஞ்சும் கரையிலேயே கட்டிக் கிடந்தன. நல்ல இறால் சீசன் நாளில் நாங்கள் ரூமில் சீட்டாடிக்கொண்டிருந்தோம். கடைசியில் எங்கள் முதலாளி ஜாஸிம் என்று ஒருவரைப் பிடித்து வந்தார். ஏசி ரூமில் கம்ப்யூட்டர் பார்த்தவர், எண்ணெய் விலை இறங்கியபோது கம்பெனியில் வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்களாம். அவருக்கு இடம் வேண்டுமென்று எங்களோடு இருந்த கடலூர்க்காரரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வலை பிடிக்கத் தெரிந்தவன் வீட்டில், தெரியாதவன் லாஞ்சில். இது எந்த ஊர் நியாயம்?

உன் அண்ணன்,
திருவேங்கடம்

*

பழவேற்காடு
9.10.2018

அண்ணா,

உன் கடிதத்தை நீயே ஒரு தடவை படித்துப் பார். மேல் பாதியில் ஏரி ஊர்க்காரனுக்கு என்கிறாய். கீழ்ப்பாதியில் அந்த ஊர்க்காரர்கள் கடல் எங்களுக்கு என்கிறார்கள், அநியாயம் என்கிறாய். நான் சிரித்துச் சிரித்து அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அவரும் சிரித்தார். உன் மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. "பாவம், அந்த கடலூர்க்காரனுக்கு கொழந்தைங்க இருக்கும்" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள். பிளாஸ்கில் டீ வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டாதே.

ஹேமா

*

கத்தீஃப்
28.10.2018

அன்புள்ள ஹேமாவுக்கு,

நீ சிரித்தது எனக்கு ஒரு வாரம் உறுத்திக்கொண்டே இருந்தது. உன்னிடம் தோற்கக்கூடாது என்று ஜாஸிமிடம் நியாயம் கேட்கப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. தினம் அவருடைய அக்கா காரோட்டி வந்து துறைமுகத்தில் இறக்கிவிடுகிறார். ஜூன் மாதம்தான் இங்கே பெண்களுக்கு லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்தார்கள். போகும்போது அந்த அம்மா ஹாரன் அடித்துவிட்டுத்தான் போவார், எதிரில் யாரும் இல்லையென்றாலும்.

அரபியும் இந்தியுமாகக் கலந்து நம் ஊர்ப் பாடு முறையை அவருக்கு விளக்கினேன். யாருக்கும் அதிகம் இல்லை, யாருக்கும் குறைச்சல் இல்லை, சண்டை இல்லை, சீட்டுதான் முடிவு என்று பெருமையாகத்தான் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "நான் உங்க ஊருக்கு வந்து குடியிருந்தா எனக்கு பாடு உண்டா?" என்றார். "கெடையாது" என்றேன். "உங்க ஊர்ப் பொண்ணைக் கட்டிக்கினா?" "அப்பவும் கெடையாது." மனுஷன் இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். "எங்க கவர்மெண்டு பரவால்ல. படகுக்கு ஒரு ஊர்க்காரன் இருந்தா போதும், மிச்ச எடம் உனக்குன்னு வுடுது. நீங்க ஆளையே ஏத்த மாட்டேங்கறீங்க" என்றார். நான் வலையை இழுக்கப் போய்விட்டேன்.

நான் திரும்பி வரும்வரை என் பாடு வருகிற நாளில் ராஜவேலு மச்சான் வலை கட்டட்டும் என்று தருமலிங்கம் பெரியப்பாவுக்கு எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவருக்குக் கண் சரியில்லை, நீயே படித்துக்காட்டு. அன்று சபையில் நான் பேசியது தப்பு என்றும் அதில் எழுதியிருக்கிறேன். அந்த வரியை விட்டுவிடாமல் படி.

அண்ணன்,
திருவேங்கடம்

*

பழவேற்காடு
14.11.2018

என் அண்ணாவுக்கு,

அந்த வரியை விடவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

ஆனால் நீ கேட்டது நடக்கவில்லை. ஊரில் இல்லாதவன் பாட்டில் இன்னொருவர் வலை கட்டினால் நாளைக்கு எல்லாரும் துபாய்க்குப் போய்க்கொண்டு பாட்டை வாடகைக்கு விடுவார்கள் என்று சபையில் பலமாக எதிர்த்தார்கள். அதுவும் நியாயம்தான். உன் மச்சான் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் ஜாஸிம் சொன்னதையும் உரக்கப் படித்தேன். கூட்டம் சிரித்தது. தருமலிங்கம் பெரியப்பா மட்டும் யோசித்தார்.

"அந்த ஊர்க்காரன் சொல்றது சரியாத்தான் கீது. ஊர்ல பொறந்த ஆளு ஒருத்தன் கூட இருந்து, அவன் பேர்ல சீட்டு எடுத்தா, ராஜவேலு வலை கட்டட்டும். இன்னா சொல்றீங்க? எவன் போறான் அவங்கூட?" என்றார்.

எல்லாருக்கும் சொந்தப் படகு, சொந்த வேலை. யாரும் முன்வரவில்லை.

"நான் போறேன் பெரியப்பா" என்றேன்.

"நீ பொம்பள."

"பொம்பளதான். இந்த ஊர்ல பொறந்தவளா இல்லியா, அத்த சொல்லு."

பெரியப்பா கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். பிறகு, "பொறந்தவதான். நான்தான் இவளுக்கு பேரே வச்சேன்" என்றார். ஓரிருவர் முனகினார்கள். ஒரு வருஷம் பார்க்கலாம் என்று முடிவானது. நோட்டில் ஹேமாவதி என்று எழுதினார்கள். நம் வீட்டு வரிசையில் நைனா பேர், உன் பேர், அதற்குக் கீழே என் பேர்.

நேற்று எங்கள் முதல் முறை. நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, வலைக்குக் கழி ஊன்றினேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது. இறால் ஒரு கூடைதான், ஆனால் நல்ல சைஸ். திரும்பும்போது உன் மச்சான், "நான் வெளியூரான், நீதான் மொதலாளி, பாத்து போட்டுக் குடும்மா" என்று வழியெல்லாம் கிண்டல் செய்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா அண்ணா? கும்மிடிப்பூண்டிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டோம்.

உன் தங்கை,
ஹேமாவதி

*

கத்தீஃப்
17.11.2018

ஹேமா,

உன் கடிதத்தை ஜாஸிமுக்குச் சொன்னேன். அவர் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னார். அந்த அம்மா இன்று துறைமுகத்தில் ரொம்ப நேரம் ஹாரன் அடித்தார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று சபையில் மச்சானைத்தான் வெளியூர்க்காரன் என்று சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் நானும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். எனக்குப் பாடு உண்டு, உனக்கு ஏன் இல்லை என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. உன்னையும் சேர்த்துத்தான் வெளியே நிறுத்தியிருக்கிறேன். இரண்டு வருஷம் நீ என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதது குறைச்சல்தான்.

பிப்ரவரியில் இங்கே இறால் சீசன் முடிகிறது. லீவு சொல்லிவிட்டேன். உங்கள் முறை வருகிற நாளில் என்னையும் படகில் ஏற்றிக்கொள். கூலி ஆளாக வருகிறேன். ஊர்க்காரி நீ இருக்கிறாய், அது போதும்.

அண்ணன்,
திருவேங்கடம்