பெட்டிக்குள் போன தேங்காய் மிஷின்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அங்கே குளிர் விட்டதா, மாப்பிள்ளையின் இருமல் குறைந்ததா. இங்கே நான் நலம். அம்மாவும் நலம் என்று கை தானாக எழுதப் போனது, நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட இருக்கக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த கையின் கட்டைச் செவ்வாய்க்கிழமை பிரித்தார்கள். தையல் காய்ந்துவிட்டது, வீக்கமும் வடிந்திருக்கிறது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் உணர்வு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் என்கிறார் டாக்டர். கட்டைவிரலைப் பற்றிக் கேட்டால் மட்டும் பார்க்கலாம், பார்க்கலாம் என்கிறார். மணிக்கட்டில் நரம்பு நசுங்கி ரொம்ப நாளாகிவிட்டதாம், மூன்று நான்கு வருடம் முன்னாலேயே கைக்கு ஓய்வு கொடுத்திருந்தால் கத்தி வைக்காமலே சரியாகியிருக்கலாமாம். அதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, கையில் இருந்த ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

நேற்று மாப்பிள்ளை எனக்குத் தனியாகப் போன் செய்தார். நீ பத்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்றார். நீ வாங்கி அனுப்பிய தேங்காய் துருவும் மிஷினின் அதிர்வுதான் அம்மாவின் நரம்பைக் கெடுத்துவிட்டது என்று நீயே முடிவுகட்டிவிட்டாயாம், எந்நேரமும் அதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறாயாம், உன் சமையலறையில் இருந்த அதே மாதிரி மிஷினைக் குப்பையில் போட்டுவிட்டாயாம். "நாலு வருஷமா தினம் அதுல வச்சு அழுத்தியிருக்காங்க, நான்தானே வாங்கிக் கொடுத்தேன்னு அழறா மாமா" என்றார். நான் பேசுகிறேன் மாப்பிள்ளை என்று வைத்துவிட்டேன். அப்புறம் நீ கூப்பிட்டபோது சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன், மூன்று தடவையும் அங்கே மழையா என்றுதான் கேட்டேன். நீகூட, என்னப்பா இன்னிக்கு மழையையே விட மாட்டேங்கிறீங்க என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நீ எப்படி இருந்தாய் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் மழையைப் பற்றித்தான் பேசினேன். அதனால்தான் எழுதுகிறேன். பாப்பா, உன் மிஷின் அம்மாவின் கையைக் கெடுக்கவில்லை. அம்மா அதை உபயோகிக்கவே இல்லை. நான் விடவில்லை.

நீ அனுப்பிய பெட்டியைப் பிரித்த அன்று ஒரு காயை உடைத்து அதில் துருவினாள். அரை நிமிஷத்தில் ஒரு மூடி முடிந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, காலி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், என்னிடமும் காட்டினாள். நான் மூடியைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்தேன். வெள்ளைத் துருவலில் அங்கங்கே பழுப்புத் தோல் பொடி விழுந்திருந்தது. என் உத்தியோகம் உனக்குத் தெரியும், முப்பத்திரண்டு வருடம் மில்லில் விளக்கடியில் துணியை ஓடவிட்டு, இங்கே இழை விட்டிருக்கிறது, இங்கே எண்ணெய்ப் புள்ளி என்று குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன். அந்தக் கண்ணை மில் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம், சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கொண்டுவந்தேன். மரத்தூள் மாதிரி இருக்கு, இதை மனுஷன் திம்பானா என்றேன். அவள் மிஷினைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள், பெட்டியை நான் அலமாரி மேல் ஏற்றினேன். மறுநாளிலிருந்து பழையபடி கத்திதான், மூடிக்குள் கத்தி முனையைக் கொடுத்து நெம்பி, சில்லு சில்லாகப் பெயர்த்து, ஒவ்வொரு சில்லிலும் பழுப்புத் தோலைச் சீவி, அப்புறம் அரைப்பது. தேங்காய்ப்பால் பால் போலவே இருக்கும், நானும் இதுதான் தேங்காய் என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே நீ போட்டோ கேட்டாய். பெட்டியை இறக்கி, மிஷினை மேடையில் வைத்து, அம்மா கையில் ஒரு மூடியைக் கொடுத்து நிற்கவைத்து எடுத்தேன், சிரி என்றும் சொன்னேன். அந்தப் படத்தைத்தான் நீ வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாய். அதற்குப் பிறகு நீ கேட்டபோதெல்லாம் உங்கம்மா அந்த மிஷினை விட்டு நகர மாட்டேங்கிறா என்று நான்தான் பதில் சொன்னேன், அவள் பக்கத்தில் நின்று ஆமாம் போட்டாள். அதற்காக அவளைக் கோபித்துக்கொள்ளாதே, என் மானம் உன்னிடம் போகக் கூடாது என்று போட்ட ஆமாம் அது. இதைவிடக் கேவலமான ஒன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். போன முறை நீ லீவில் வந்திருந்தாயே, பதினெட்டு நாள், அந்தப் பதினெட்டு நாளும் மிஷின் மேடையில் இருந்தது, நீயும் அவளும் மாற்றி மாற்றி அதில்தான் துருவினீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை, பழுப்புப் பொடியோடு இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், தொண்டையில் ஒன்றும் சிக்கவில்லை. உன்னை விமானம் ஏற்றிவிட்டு வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, பெட்டியை எடு என்றேன்.

விரல் மரத்துப்போகிறது என்று அவள் சொல்லத் தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். காலையில் எழுந்ததும் கையை உதறிக்கொண்டே நிற்பாள். டம்ளர் இரண்டு தடவை நழுவியது. வயசானா அப்படித்தான், எனக்கும்தான் முட்டி வலிக்குது என்று நான் சொன்னேன். டாக்டரிடம் காட்டுங்கப்பா என்று நீ போனில் சொன்னாய், காட்டியாச்சு, தைலம் கொடுத்திருக்கார் என்றேன். தைலம் கடையில் வாங்கியது, டாக்டர் யாரும் இல்லை. துணியில் ஒரு நூல் விட்டால் பத்தடி தூரத்திலிருந்து சொல்லுவேன், அவள் கட்டைவிரல் அடியில் சதை வற்றிப் பள்ளமானது டாக்டர் தொட்டுக் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது சமையல் நான்தான். உனக்குச் சிரிப்பு வரும், வரட்டும். முதல் நாள் ஒரு தேங்காயை எடுத்து, குடுமியைப் பிய்த்துவிட்டு, வெட்டுக்கத்தியின் முதுகால் ஓங்கி ஒரு போடு போட்டேன், காய் கையிலிருந்து துள்ளி அடுப்புக்கு அடியில் போனது. இரண்டாவது போட்டில் தண்ணீர் முழுவதும் என் வேட்டியில். எதிர்வீட்டுத் தையல்காரர் ஜன்னல் வழியாக எட்டி, என்ன சார், செவுத்தை இடிக்கிறீங்களா, ஆள் வேணுமா என்று கேட்டார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒரே இடத்துல கோபத்தைக் காட்டாதீங்க, நடுவுல சுத்திச் சுத்தித் தட்டுங்க, தானா வாயைத் திறக்கும், அடியில பாத்திரத்தை வைங்க என்று சொல்லிக்கொடுத்தாள். இப்போது உடைப்பது வந்துவிட்டது, விரிசல் விட்டதும் சத்தம் மாறுகிறது, அதைக் கேட்டு நிறுத்தத் தெரிகிறது. காயின் கண்ணை மோந்து பார்த்து அழுகலை ஒதுக்கவும் தெரிகிறது. நெம்புவதுதான் வரவில்லை. கத்தியைக் கட்டைவிரலால் அழுத்தித் திருப்ப வேண்டும், நாலு சில்லு பெயர்ப்பதற்குள் எனக்கு முழங்கை வரைக்கும் இழுக்கிறது. தோல் சீவி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது, ஒரு காய்க்கு. அன்றைக்குக் குழம்பில் எனக்கு உப்பு போட மறந்துவிட்டது, அவளும் சொல்லவில்லை.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, நான் படுகிற பாட்டைப் பார்த்து, மூடியை அடுப்புல கொஞ்சம் சூடு காட்டுங்க, காய் ஓட்டை விட்டு லேசா கழண்டு வரும் என்றாள். செய்து பார்த்தேன், ஆச்சரியமாக இருந்தது, முழு மூடியும் அப்படியே கையில் வந்து விழுந்தது. இத்தனை சுலபமா இருக்கே, நீ ஏன் இத்தனை வருஷம் இப்படிச் செய்யலே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நீங்கதான் புகை வாசம் வருதுன்னீங்க, நாம தனிக்குடித்தனம் வந்த ரெண்டாவது மாசம், அதோட விட்டுட்டேன் என்றாள். குற்றம் சொல்லும் குரலே இல்லை, பால்காரன் வந்தானா என்று கேட்கிற குரலில் சொன்னாள். எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை பாப்பா. ஒருநாள் பேச்சுக்குச் சொன்னதை அவள் முப்பத்தேழு வருடம் கையால் சுமந்திருக்கிறாள். நான் அந்தச் சூடான மூடியைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன், சுட்டுடும் என்று அவள்தான் வாங்கி வைத்தாள், இடது கையால்.

உனக்கு எழுதப்போகிறேன் என்று காலையில் அவளிடம் சொன்னேன். வேண்டாங்க, அவளுக்கு அப்பான்னா எல்லாம் தெரிஞ்சவர், இப்ப எதுக்கு அதைக் கெடுத்துக்கிட்டு என்றாள். அவள் அங்கே தூங்காமல் கிடக்கிறாளே என்றேன். அப்ப எழுதுங்க, ஒண்ணும் விடாம எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன். கோபம் வந்தால் என்மேல் கோபப்படு, அது நியாயம். போனில் என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் அம்மாவிடம் பேசு, நான் போனை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன். மன்னித்துக்கொள் என்று கேட்க வேண்டியது முதலில் அவளிடம், கேட்டேன், சாப்பிட வாங்க என்று மட்டும் சொன்னாள். நீ இனிமேல் உன்னைக் குறை சொல்லிக்கொள்ளாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டு நன்றாக இருக்க வேண்டும். தூங்கு. உனக்கு வேறு மிஷின் வாங்கிக்கொள், தள்ளிப்போடாதே. மாப்பிள்ளைக்கும் தேங்காய் உடைக்கக் கற்றுக்கொடு, அவர் கெட்டிக்காரர், வேட்டியை நனைக்க மாட்டார்.

கடிதத்தின் அடியில் அம்மா எப்போதும் தன் கையால் இரண்டு வரி எழுதுவாள். இந்தத் தடவை பேனா விரலில் நிற்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், ஒரு எழுத்துக்கூட மாற்றக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்: "கண்ணு, உன் மிஷின் ரொம்ப நல்ல மிஷின். நீ வந்திருந்தப்ப அதுல துருவினேன்ல, அத்தனை நாளும் அம்மாவுக்குக் கை வலிக்கவே இல்ல."

அவள் சொன்னபடியே எழுதிய,
உன் அப்பா