புதிய ரீச்சருக்கு

2025 மே 14, புதன்

தவணை தொடங்கிய முதல் நாளே பிரியவதனி ரீச்சருக்குப் பிரியாவிடை. இந்த வருடத்தில் இது நாலாவது. மாலை, குறூப் போட்டோ, வடை, ஒரு பேச்சு. பேசினது நான்தான். போனமுறை விஞ்ஞான சேருக்குப் பேசின அதே பேச்சு. பெயரை மட்டும் மாற்றினேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தால்தான் எனக்கென்ன.

பிரியவதனிதான் இந்தப் பள்ளிக்கூடத்தின் உளவளத்துணை ஆசிரியை. பிள்ளைகளின் மனக்கஷ்டங்களைக் கேட்கிற ஆள். இனி அது நானாம். மூன்று வருடத்துக்கு முதல் யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் செயலமர்வுக்குப் போயிருக்கிறேனாம். மத்தியானச் சாப்பாட்டோடு எழும்பி வந்தது அதிபருக்குத் தெரியாது.

நான் கணக்கு ரீச்சர். ஏழு வருடமாகக் கொக்குவிலில் இருந்து விடிய அஞ்சே முக்கால் பஸ்ஸைப் பிடித்து, பண்ணைப் பாலமும் வேலணையும் தாண்டி இந்த நாரந்தனைக்கு வந்து போகிறேன். இடமாற்றத்துக்கு நாலு முறை விண்ணப்பித்தாயிற்று. நேற்று வந்ததுகள் எல்லாம் போகுதுகள். நான் பேசி வழியனுப்பிக்கொண்டு நிற்கிறேன்.

மே 19, திங்கள்

ஆழ்வாப்பிள்ளை அதிபர் மாசியில்தான் வந்தவர். இன்றைக்குக் காலைப் பிரார்த்தனையில் இரண்டு திட்டங்களை அறிவித்தார்.

ஒன்று: 'மனம் திறப்போம்'. ஒவ்வொரு ஆசிரியருக்கும் பத்துப் பிள்ளைகள். தினமும் அவர்களோடு கதைத்து, பதிவேட்டில் எழுதவேண்டும். மற்றது: நடத்தை அட்டை. பச்சை நல்லது, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்புப் பிழை. தரம் பதினொன்றில் மூன்று சிவப்பு வாங்கிய பிள்ளை பள்ளிக்கூடத்தால் ஓ.எல் பரீட்சை எடுக்கேலாது, விலகிப் போய் வெளியால் தனியாக எடுக்கவேண்டியதுதான். "எங்கட பெறுபேறு முக்கியம்" என்றார். மனத்தைத் திறந்து பார்த்துவிட்டு வெளியே தள்ளுகிறதுக்கு ஏன் திறப்பான்?

மனம் திறக்கும் நேரம் ஒன்று நாற்பது. யாழ்ப்பாண பஸ் ஒன்று நாற்பத்தைந்து. ஊர்க்காரி ஜெயந்தா ரீச்சரைத் தவிர ஸ்ராஃப் முழுக்க அந்த பஸ்ஸில்தான் போகிறது. அதிபரிடம் கார் இருக்கிறது.

சொன்னேன். "அஞ்சு நிமிசம் காணும் ரீச்சர்." அஞ்சு நிமிடத்தில் திறக்க அது என்ன ரின்னில் அடைத்த மீனா?

மே 21, புதன்

பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்தது மூன்று பத்து. சுலக்சன் பக்கத்து வீட்டில் சாப்பிட்டானாம். என் மகன், தரம் நாலு. அவன்ர மனத்தை ஆர் திறக்கிறது?

மே 27, செவ்வாய்

என் பத்துப் பேரில் ஒருத்தி அன்ரனிட்டா. தரம் பதினொன்று. பிரியவதனியிடம் இருந்து எனக்கு வந்தவள். காலையில் பிந்தி வருவாள், வகுப்பில் கடைசி வரிசை வாங்கில் இருப்பாள், ஒருத்தரோடும் ஒத்துப்போகாள். அட்டை தொடங்கி ஒரு கிழமைக்குள் ஒரு சிவப்பு.

செயலமர்வில் சொன்னபடி (சாப்பாட்டுக்கு முதல் சொன்னது) சிரித்த முகத்தோடு, "உம்மைப் பற்றிச் சொல்லும் பிள்ளை" என்றேன். அவள் கொப்பிக்குள் இருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துத் தந்தாள். அழகான கையெழுத்து. அப்படியே எழுதிவைக்கிறேன்:

"புதிய ரீச்சருக்கு. எனது பெயர் அன்ரனிட்டா. அம்மா குவைத்துக்குப் போய் இரண்டரை வருடம். எட்டு மாதமாக எங்களுக்குப் போன் எடுக்கவில்லை. சித்திக்கு எடுக்கிறவா, அதனால் உயிரோடு இருக்கிறா. அப்பா கடற்றொழில், குடிக்கிறதில்லை. தம்பிமார் இரண்டு பேர். காலையில் நான்தான் சமைக்கிறது, அதனால்தான் பிந்துகிறது. அம்மாவைப் பற்றிப் பகிடி விட்டால் அடிப்பேன். இதற்கு மேல் கேட்கவேண்டாம்."

"எல்லா ரீச்சருக்கும் இதுதான். வகுப்பு ரீச்சர்மார் மூண்டு பேர், பிரியவதனி ரீச்சர், இப்ப நீங்கள். ஒவ்வொருக்காலும் முதலிலயிருந்து சொல்ல எனக்கு அலுப்பு" என்றாள். பிறகு, "நீங்கள் எப்ப மாறுறீங்கள்?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவளில் இல்லை. அந்த நாலு பேரில், அவர்களுக்குப் பேசி அனுப்பின என்னில், எல்லாத்திலும். "நான் ஒரு இடமும் போகேல்லை. மாசியில உன்ர ஓ.எல் முடியுமட்டும் இஞ்சதான் நிப்பன்" என்று சொல்லிப்போட்டேன்.

ஏன் சொன்னேன்? இடமாற்றம் தருகிற வலயக் கல்வி அலுவலகத்தை நம்பித்தான். ஏழு வருடம் அசையாத அலுவலகம் எட்டு மாதத்துக்குள் அசையவா போகிறது.

ஜூன் 4, புதன்

அன்ரனிட்டாவின் வகுப்பு நிலக்ஷன் ஏதோ சொல்லியிருக்கிறான், அவள் கோடு போடுகிற அடிமட்டத்தால் விளாசியிருக்கிறாள். அவனுக்கு மஞ்சள், அவளுக்கு இரண்டாவது சிவப்பு. அதிபருக்கு மூன்றாவதுக்குக் காத்திருக்கவும் விருப்பமில்லை. இப்போதே விலக்குவோம் என்கிறார்.

"சேர், அவன் அவளின்ர தாயைப் பற்றிக் கதைச்சவன்."

"கதைச்சதுக்கு மஞ்சள் குடுத்தாச்சு. நீங்கள் பொறுப்பு ஏற்கிறியளோ? எழுதித் தாருங்கோ."

எழுதிக் கொடுத்தேன். இந்தப் பிள்ளையின் நடத்தைக்குப் பரீட்சை முடியும்வரை நானே பொறுப்பு. கையொப்பம், திகதி. என் பிள்ளைக்கே இப்படி ஒரு கடிதம் நான் எழுதினதில்லை.

ஜூன் 13, வெள்ளி

அன்ரனிட்டாவுக்கான அஞ்சு நிமிடம் ஒன்றரை மணித்தியாலமாகி, நான் மூன்று பத்து பஸ் ஆளாகிவிட்டேன். அவள் தாயைப் பற்றி ஒரு சொல்லும் கதைப்பதில்லை. நானும் கேட்பதில்லை. கணக்குத்தான். போன தவணையில் முப்பத்திநாலு எடுத்தவள் இன்றைய வகுப்புச் சோதனையில் எழுபத்தொன்று. தாளை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "கூட்டிப் பாத்தனீங்களோ ரீச்சர்?" என்கிறாள்.

'மனம் திறப்போம்' பதிவேட்டில் ஒரு நிரல்: தீர்க்கப்பட்ட உளப் பிரச்சினை. 'இருபடிச் சமன்பாடு' என்று எழுதினேன். அதிபர் பச்சை மையால் கையெழுத்து வைத்திருக்கிறார்.

ஜூன் 25, புதன்

இடமாற்றம் வந்துவிட்டது.

கொக்குவிலில், வீட்டில் இருந்து நடக்கிற தூரம். பதிலாள் கடமையேற்றதும் விடுவிக்கப்படுவீர் என்று போட்டிருக்கிறது. ஏழு வருடம் கிணற்றில் போட்ட கல்லு மாதிரிக் கிடந்துவிட்டு, நான் வாயைத் திறந்து ஒரு மாதத்தில்! கோதாரி விழுந்த அலுவலகம்.

இவர் ஐஸ்கிறீம் வாங்கிவந்தார். சுலக்சன், "இனி நீங்களோ என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போறது?" என்று கேட்டான். ஓம் என்றேன். நான் ஏன் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்?

ஜூன் 26, வியாழன்

அதிபருக்குக் கடிதத்தைக் காட்டினேன். "சந்தோசம், போங்கோ. ஆனா அந்தப் பிள்ளையை விலக்கத்தான் வேணும். பொறுப்பு எழுதித் தந்த ஆளே போனால் நான் ஆரைப் பிடிக்கிறது?"

நாரந்தனைக்காரியான ஜெயந்தா ரீச்சரைக் கேட்டேன், அன்ரனிட்டாவைப் பொறுப்பெடுப்பீரோ என்று. "எனக்கு ஏற்கெனவே பத்துப் பிள்ளையள், அதோட பிரியவதனி பாத்த நாலு பேர்" என்றா. நியாயம்தான். எல்லாருக்கும் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

ஜூன் 30, திங்கள்

வெள்ளிக்கிழமை இடமாற்றம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

"உமக்கு விசரோ?" என்று இவர் கேட்டார். "ஏழு வருசம் அழுதனீர். எங்கட பிள்ளை பக்கத்து வீட்டில சாப்பிடுறான். ஆரோ ஒரு பிள்ளைக்காக —" அதோடு நிறுத்திக்கொண்டார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழை இல்லை. மாசிக்குப் பிறகு திரும்பக் கேட்கலாம் என்றேன். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

சுலக்சன் காலையில் தானே சப்பாத்துக் கட்டிக்கொண்டான்.

ஜூலை 3, வியாழன்

அன்ரனிட்டாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயந்தா சொல்லிவிட்டா. அவள் வந்து, "உண்மையோ ரீச்சர்?" என்றாள். "கணக்கை எடு" என்றேன். இன்றைக்கு முதல்முறையாக, கேட்காமலே, சின்னத் தம்பிக்கு அம்மாவின் முகம் மறந்துபோச்சு என்று சொன்னாள். பதிவேட்டில் நான் அதை எழுதவில்லை.

ஜூலை 21, திங்கள்

காலையில் வாசலில் ஒரு பொடியன், புதுச் சப்பாத்து, கையில் பைல். ஜெனோசன். கணக்குப் பட்டதாரி. "உங்கட இடத்துக்கு வந்திருக்கிறன் ரீச்சர்" என்று சிரித்துக்கொண்டு சொல்கிறான்.

நான் போகவில்லை என்று எழுதியது ஒரு மேசையில். பதிலாளை அனுப்பியது மற்ற மேசையில். இரண்டு மேசைக்கும் நடுவில் நாலடி இருக்குமா?

ஜூலை 23, புதன்

லீவு போட்டுவிட்டு வலயத்துக்குப் போனேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்கட பள்ளிக்கூடத்தில கணக்குக்கு ஒராள்தான் ரீச்சர். இப்ப இரண்டு பேர். நீங்கள் மேலதிகம்."

"நான் வேண்டாமெண்டு எழுதினனான்."

"ஓம், அது ஏத்துக்கொண்டாச்சு. அதாலதான் கொக்குவில் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

"அப்ப நான் எங்க போறது?"

அவருக்கு உண்மையாகவே கவலைதான். தேத்தண்ணி குடிக்கிறியளோ என்று கேட்டார்.

ஜூலை 31, வியாழன்

புதுக் கடிதம் வந்தது: நயினாதீவு.

கடலைத் தாண்டி. பஸ்ஸால் இறங்கிப் பிறகு போட் ஏறவேண்டும். இடமாற்றம் கேட்டவளுக்கு இடம் மாறித்தான் இருக்கிறது.

சிரித்தேன். இவரும் சிரித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தோம். பிறகு நான் குசினிக்குள் போய் அழுதேன்.

ஓகஸ்ட் 6, புதன்

எனக்குப் பிரியாவிடை. ஜெயந்தா பேசினா. என்னுடைய பேச்சுத்தான், பெயர் மட்டும் வேறு. கேட்கிறபோது நல்லாகத்தான் இருந்தது.

அன்ரனிட்டா மண்டபத்துக்கு வரவில்லை. வகுப்பில் தனியே இருந்தாள். நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன் — வலயம், மேசை, மேலதிகம். "தெரியும் ரீச்சர்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதையாகச் சொன்னாள்.

அதிபரிடம் கெஞ்சினேன். ஆறு மாதம்தானே சேர், விட்டுப்பிடியுங்கோ. "பாப்பம்" என்றார். ஜெனோசனிடம், அவளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி என்றேன். கட்டாயம் ரீச்சர் என்று சொல்லிவிட்டு, இஞ்ச இருந்து மாற்றம் எடுக்க எத்தனை வருசம் செல்லும் என்று கேட்டான்.

ஓகஸ்ட் 18, திங்கள்

நயினாதீவு, முதல் நாள். வீட்டில் இருந்து அஞ்சு மணிக்கு இறங்கவேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறையில் போட். அலையில் அது ஆட, குடித்த தேத்தண்ணியைச் சத்தி எடுத்தேன். இங்கேயும் ஒரு திட்டம் இருக்கிறதாம், 'மகிழ்ச்சி மரம்'. பிள்ளைகள் மனதில் உள்ளதை இலை மாதிரி வெட்டின கடதாசியில் எழுதி ஒட்டவேண்டும். அனுபவம் இருக்கிறபடியால் என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

ஓகஸ்ட் 28, வியாழன்

ஒருத்தருக்கும் ஒரு வாக்கும் கொடுப்பதில்லை. பாடம் படிப்பிப்பது, போட் பிடிப்பது.

செப்ரெம்பர் 11, வியாழன்

குறிகட்டுவானில் இருந்து வரும் பஸ் வேலணை வங்களாவடிச் சந்தியில் நின்றது. நான் யன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு அரைத்தூக்கம். யாரோ கண்ணாடியில் தட்டினார்கள்.

அன்ரனிட்டா. வீட்டுச் சட்டையோடு, ஒரு கையில் சைக்கிள், மற்றக் கையில் கொப்பி. நாரந்தனையில் இருந்து அந்த வெயிலில் உழக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் எந்த பஸ்ஸில் வருவேன் என்று ஜெயந்தாவிடம் கேட்டாளாம். நேற்றும் வந்து நின்றாளாம், நான் நித்திரையாம்.

"பள்ளிக்கூடம் போகேல்லையோ?"

"போன கிழமையோட நிப்பாட்டிப்போட்டினம். அப்பா கையெழுத்து வைச்சிட்டார்." அழவில்லை. "தனியா எடுக்கலாமாம் ரீச்சர். மற்றப் பாடமெல்லாம் நானே படிச்சிடுவன். கணக்குத்தான் ஏலாது."

கொண்டக்ரர் பின்னால் இருந்து, "ரீச்சர், இறங்கிறதெண்டால் இறங்குங்கோ. இல்லையெண்டால் பஸ்ஸை எடுக்கட்டோ?" என்றார்.

இறங்கினேன். சந்திக் கடைக்காரர் இரண்டு பேரும் இருக்க ஒரு வாங்கு தந்தார். அவள் கொப்பியை விரித்து, விட்ட இடத்தில் இருந்தே தொடங்கினாள். நான் எழும்பி வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்குப் பிந்தும். சுலக்சனை நீங்கள் கூட்டிக்கொண்டு வாங்கோ. நாளைக்கும் பிந்தும்."

"எத்தனை நாளைக்கு?"

"மாசி மட்டும்."

பஸ் ஒன்று போகிற சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். பிறகு, "சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார்.